ஐவிஎஃப் வெற்றி நூற்றுக்கு எழுபது: எந்த நூற்றில்?

ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை ஐவிஎஃப். அதைச் செய்யும் ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரத்தில் 70 சதவீத வெற்றி என்று இருக்கிறது. நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போன தம்பதிக்கு முதல் முறை கரு தங்கவில்லை. எழுபது பேருக்குத் தங்கியது எனக்கு மட்டும் ஏன் தங்கவில்லை என்று அந்தப் பெண் தன் உடம்பையே குற்றம் சொல்லத் தொடங்குகிறாள். அன்று மாடிப்படி ஏறினேனே, ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வந்தேனே என்று தேடிப் பார்க்கிறாள். இவற்றில் எதுவும் காரணம் இல்லை. கரு தங்குவதைத் தீர்மானிப்பவை வேறு. அவற்றில் பலவற்றை முன்கூட்டியே அளக்கலாம், சிலவற்றைத் திருத்தலாம். ஒன்றை மட்டும் யாராலும் திருத்த முடியாது. அந்த எழுபது எங்கிருந்து வருகிறது என்பதையும் பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு சுழற்சியில் என்ன நடக்கிறது

மாதவிலக்கின் 2 அல்லது 3-ஆம் நாள் ஸ்கேன் எடுத்து, அன்றிலிருந்து சுமார் 9 முதல் 12 நாட்கள் தினமும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் ஊசி போடுவார்கள். இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு முட்டைதான் முதிரும். அந்த மாதம் தயாராக நிற்கும் மற்ற முட்டைகளையும் இந்த ஊசி வளர்த்தெடுக்கிறது. சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் வளரும் சிறு பைகள் 17, 18 மி.மீ. அளவுக்கு வந்ததும், முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் 'ட்ரிக்கர்' ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை ஊசி வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள்.

ஆய்வகத்தில் முட்டையையும் விந்தணுவையும் ஒன்றாக விட்டுவைப்பது ஐவிஎஃப். ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்துவது இக்ஸி. கருவான முட்டை ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் நூற்றுக்கு மேற்பட்ட செல்கள் கொண்ட பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. அதை உடனே கருப்பையில் வைக்கலாம், அல்லது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்து அடுத்த மாதங்களில் வைக்கலாம்.

ஐயுஐ என்பது வேறு. கழுவித் தேர்ந்தெடுத்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவதோடு அது முடிந்துவிடும், மீதி வேலையை உடம்பே பார்க்க வேண்டும். இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருப்பவர்களுக்கு எத்தனை முறை ஐயுஐ செய்தாலும் பயன் இல்லை. குழாய் சோதனை பார்க்காமல் ஐயுஐ-யில் ஓடிப்போகும் மாதங்கள், 35 வயதைத் தாண்டிய பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்காதவை.

எதை எதால் வகுத்தார்கள்?

கணக்குக்காக ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பெண்கள் ஊசி தொடங்குகிறார்கள்.

1. பத்துப் பேருக்கு முட்டை சரியாக வளரவில்லை, சுழற்சி நிறுத்தப்படுகிறது.
2. இன்னும் பத்துப் பேருக்கு முட்டை எடுத்தும் வைக்கத் தகுந்த கரு உருவாகவில்லை.
3. எண்பது பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. நாற்பது பேருக்கு, கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி-யை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்.
4. அதில் 34 பேருக்கு ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு தெரிகிறது.
5. கடைசியில் 28 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த மையம் "எங்கள் வெற்றி 50 சதவீதம்" என்று சொன்னால் அது பொய் ஆகாது. எண்பதில் நாற்பது பாசிட்டிவ். "28 சதவீதம்" என்று சொன்னாலும் அதே மையம், அதே நூறு பேர்தான். 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு கரு வைத்து, பாசிட்டிவை மட்டும் எண்ணினால் எழுபதை எட்டிவிடலாம். மூன்று முறை கரு வைத்ததைச் சேர்த்து எண்ணினாலும் எட்டலாம்.

பிரிட்டனில் கருத்தரிப்புச் சிகிச்சைகளின் முடிவுகளை எச்எஃப்ஈஏ என்ற அரசு அமைப்பு 1991 முதல் சட்டப்படி சேகரித்துவருகிறது. அதன் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், பெண்ணின் சொந்த முட்டையில் உருவான கரு ஒன்றை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழ் 32 சதவீதம், 40 முதல் 42 வயதில் சுமார் 11 சதவீதம், 43-க்கு மேல் 5 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல ஆய்வகமும் தேர்ந்த மருத்துவர்களும் உள்ள நாட்டின் எண் இது. ஒரு முறை தங்காமல் போவது அபூர்வமான தோல்வி அல்ல, பெரும்பாலானவர்களுக்கு நடப்பதே அதுதான் என்பதை இந்த எண் காட்டுகிறது.

அதே பிரிட்டனில் 1,56,000-க்கும் அதிகமான பெண்களின் தரவை வைத்து 2015-இல் வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. முதல் சுழற்சியில் 29.5 சதவீதம் பேருக்குக் குழந்தை. ஆறு சுழற்சிகள் வரை தொடர்ந்தால் ஏறக்குறைய 65 சதவீதம். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது: "என் வயதில், ஊசி தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் மையத்தில் குழந்தை பிறந்திருக்கிறது?" இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்வது மையத்தின் கடமை.

முட்டையின் வயது

திருத்த முடியாத காரணம் இதுதான், எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் ஆயுள் முழுவதற்குமான முட்டைகள், பத்து முதல் இருபது லட்சம் வரை, சினைப்பையில் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. 38 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 38தான். தாயின் வயிற்றில் இருந்தபோதே பாதி நடந்து நின்றுபோன செல் பிரிதல், அத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்து, முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீண்டும் தொடங்குகிறது. குரோமோசோம்களை ஜோடியாகப் பிடித்து வைத்திருக்கும் புரதக் கட்டு அந்தக் காலத்தில் தளர்ந்துபோகிறது. பிரியும்போது ஒன்று கூடவோ குறையவோ போகிறது. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் கலைந்துவிடும்.

35 வயதில் உருவாகும் பிளாஸ்டோசிஸ்ட்களில் மூன்றில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருக்கும். 40 வயதில் பாதிக்கு மேல். 44 வயதில் பத்தில் எட்டு, ஒன்பது.

ஒரு முப்பது வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு முட்டை எடுத்ததாக வைப்போம். அவற்றில் ஒன்பது, பத்து முதிர்ந்தவை. ஏழு கருவாகின்றன. ஐந்தாம் நாளை எட்டுவது மூன்று. குரோமோசோம் சரியாக இருப்பது இரண்டு. நாற்பத்தொரு வயதில் ஆறு முட்டை கிடைத்தால் நான்கு, ஐந்து முதிர்ந்தவை, மூன்று கரு, ஐந்தாம் நாளில் ஒன்று. அந்த ஒன்றும் சரியானதாக இருக்க வாய்ப்பு பாதிக்கும் குறைவு. "பன்னிரண்டு முட்டை எடுத்தார்கள், கடைசியில் மூன்றுதான் என்கிறார்களே, மற்றதெல்லாம் எங்கே?" என்று கலங்குபவர்கள் உண்டு. எங்கேயும் போகவில்லை, இயற்கையின் வழக்கமான கழிவு விகிதமே இதுதான்.

தானமாகப் பெற்ற முட்டையில் வெற்றி வாய்ப்பு, பெறுகிறவரின் வயதை அதிகம் பொறுத்ததல்ல, கொடுத்தவரின் வயதைப் பொறுத்தது. கருப்பையைவிட முட்டையே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இந்தியச் சட்டப்படி முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயதும் ஆணுக்கு 55 வயதும் உச்ச வரம்பு.

ஏஎம்ஹெச் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஏஎம்ஹெச் குறைவு என்ற ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த ரத்தப் பரிசோதனை முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் ஊகிக்கிறது, தரத்தை அல்ல. மில்லி லிட்டருக்கு 1.2 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், ஊசிக்குக் குறைவான முட்டைகளே கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 28 வயதில் 0.8 உள்ளவருக்கு முட்டை குறைவு, ஆனால் கிடைக்கும் முட்டை 28 வயது முட்டை. 41 வயதில் 3.0 உள்ளவருக்கு முட்டை நிறைய, ஆனால் எல்லாமே 41 வயது முட்டை. முன்னவரின் வாய்ப்பைக் குறைத்தும் பின்னவரின் வாய்ப்பைக் கூட்டியும் எடைபோடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

எண்ணிக்கை கூடக் கூட நல்லது என்பதும் ஓர் எல்லை வரைதான். நான்கு லட்சம் பிரிட்டன் சுழற்சிகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வில், குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 15 முட்டை வரை ஏறி, 20 வரை அப்படியே நின்று, அதற்கு மேல் இறங்கியது. சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு 25, 30 முட்டை வந்துவிடுவதுண்டு. அப்போது வயிறு வீங்கி, நீர் கோத்து, மூச்சுத் திணறும் அளவுக்குப் போகக்கூடும். இவர்களுக்கு அந்த மாதமே கரு வைக்காமல் எல்லாவற்றையும் உறையவைப்பதே பாதுகாப்பு.

கணவரின் பரிசோதனை ஏன் முதலில் வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுகோலில் கீழ் எல்லைகள் இவை: விந்து 1.4 மி.லி., மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, அசைவுள்ளவை 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். 96 சதவீதம் வடிவக் கோளாறு என்பது இயல்பான ஆணிடமும் இருப்பதுதான். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். அதேபோல் இன்று புகையையும் வாயில் அடக்கும் புகையிலையையும் விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான். கரு வைப்பதற்கு முந்தைய வாரம் விடுவது விந்தணுவுக்குப் போதாது.

இளைஞர்களிடம் பெருகிவரும் ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் மூளை விரைப்பைக்குக் கட்டளை அனுப்புவதை விட்டுவிடுகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், ஆனால் பல மாதங்கள் ஆகும். இதை மருத்துவரிடம் மறைப்பதால் மனைவிக்குத் தேவையில்லாத ஊசிகள் ஏறுகின்றன.

இக்ஸி 1992-இல் பெல்ஜியத்தில் வெற்றி கண்டது விந்தணு மிகக் குறைந்தவர்களுக்காக. விந்தணு இயல்பாக உள்ளவர்களுக்கும் இக்ஸி செய்தால் கூடுதல் வெற்றி என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் வியட்நாமில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இதை நேராகச் சோதித்துப் பார்த்து, வேறுபாடு இல்லை என்றது.

கருப்பையில் பார்க்க வேண்டியவை

1. நீர் கோத்து வீங்கிய கருக்குழாய். "ஐவிஎஃப்-க்குத்தான் குழாய் வேண்டாமே" என்று இதை விட்டுவிடக் கூடாது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். கரு வைக்கும் முன் குழாயை எடுத்துவிடுவதோ கட்டிவிடுவதோ நிரூபிக்கப்பட்ட சிகிச்சை.
2. கருப்பையின் உட்பக்கம் துருத்தும் நார்க்கட்டி, பாலிப், நடுச் சுவர். வெளிப்புறம் உள்ள சிறு கட்டிகள் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.
3. உட்சவ்வு 7 மி.மீ.-க்குக் கீழே நிற்பது. நம் நாட்டில் இதற்குப் பின்னால் பழைய காசநோய் ஒளிந்திருக்கலாம். நுரையீரலில் அறிகுறியே இல்லாமல் குழாயையும் உட்சவ்வையும் அது அரித்திருக்கும்.
4. தைராய்டு, சர்க்கரை, உடல் எடை. எடை கூடுதலாக இருந்தால் ஊசியின் அளவும் கூடும், கருச்சிதைவும் கூடும்.

வீட்டில் நடக்கும் தவறுகள்

ட்ரிக்கர் ஊசியின் நேரம் ரயில் நேரம் மாதிரி. இரவு 10 மணிக்கு என்றால் 10 மணிதான். மறுநாள் கழித்து அடுத்த நாள் காலை 9 மணிக்கு முட்டை எடுக்க ஆய்வகம் தயாராகிறது. 35 மணி நேரம். இரண்டு மணி நேரம் தாமதித்து ஊசி போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் முட்டை முதிராமல் கிடைக்கும், அல்லது பையின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வராமல் போகும். முன்கூட்டியே போட்டிருந்தால் பை வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும். தவறிவிட்டால் உடனே மையத்துக்குப் போன் செய்தால் போதும், எடுக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதுதான் சுழற்சியைக் கெடுக்கிறது.

2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொன்ன ஊசி மருந்து ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் இருக்கட்டும். ஃப்ரீசரில் உறைந்த மருந்து வீண். வெளியூர்ப் பயணத்தில் ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

உறைந்த கருவை ஹார்மோன் மாத்திரைகளால் தயார்செய்த கருப்பையில் வைக்கும்போது, அந்த மாதம் முட்டை வெடிப்பதே இல்லை. அதனால் கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை உடம்பு தானாகச் சுரக்காது. வெளியிலிருந்து கொடுக்கும் மருந்துதான் கருவுக்கு முழு ஆதாரம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை, சுமார் பத்தாவது கர்ப்ப வாரம்வரை, அது தொடர வேண்டும்.

கண்ணில் படாத அறை

கரு ஐந்து நாள் குடியிருப்பது ஆய்வகத்தின் இன்குபேட்டரில். 37 டிகிரி வெப்பம், 5 சதவீத ஆக்சிஜன், 5 முதல் 7 சதவீத கார்பன் டையாக்சைடு. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கருக்குழாய்க்குள் அதில் கால் பங்குதான், அதனால்தான் இந்த ஏற்பாடு. பெயின்ட், பினாயில், சென்ட் வாசனைகளில் உள்ள ஆவிகள் கருவுக்கு நஞ்சு. கரு வைக்கும் நாளில் சென்ட் போட வேண்டாம், தலையில் மல்லிகை வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். மின்சாரம் போனால் இன்குபேட்டர் எதில் ஓடும், கரு வல்லுநர் மையத்திலேயே இருப்பவரா, வாரம் ஒருநாள் வந்து போகிறவரா, உறையவைத்த கருக்களில் நூற்றுக்கு எத்தனை உயிரோடு மீள்கின்றன என்று கேளுங்கள். இன்றைய அதிவேக உறைவிப்பு முறையில் தொண்ணூறுக்கு மேல் மீள வேண்டும். வரவேற்பறை சோபாவைவிட இந்த மூன்று பதில்களும் மையத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

பில்லில் சேரும் கூடுதல்கள்

கருப்பை உட்சவ்வைக் கீறிவிடும் 'ஸ்கிராட்ச்': 1,364 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்தது ஒரே 26.1 சதவீதம். கரு வைக்க உகந்த மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஈஆர்ஏ சோதனை: 2022-இல் வந்த ஆய்வில் பலன் இல்லை. கருவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் எடுக்கும் டைம்-லாப்ஸ் இன்குபேட்டர்: 2024-இல் வந்த ஆய்வில் பிறப்பு விகிதம் கூடவில்லை.

கருவின் குரோமோசோமைச் சோதிக்கும் பிஜிடி-ஏ பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அது கெட்ட கருவை நல்லதாக்காது, எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தும், அவ்வளவே. வயது கூடியவர்களுக்கும் திரும்பத் திரும்பக் கலைபவர்களுக்கும் வீணாகும் மாதங்களை அது மிச்சப்படுத்தலாம். ஆனால் 37 வயது வரையிலான 1,212 பெண்களிடம் சீனாவில் நடந்து 2021-இல் வந்த ஆய்வில், சோதித்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்கும் சோதிக்காதவர்களில் 81.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இளம் வயதில் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பது சரியல்ல.

படுத்தே இருக்க வேண்டுமா

வேண்டாம். கரு வைத்த பிறகு படுக்கையில் இருப்பதால் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, குறைப்பதாகக் காட்டியவையும் உண்டு. கருப்பையின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த எள் எப்படி விழாதோ, அப்படித்தான் கருவும். எழுந்து சிறுநீர் கழிக்கலாம், நடக்கலாம், சமைக்கலாம், பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். மாதக்கணக்கில் படுக்க வைப்பதால் காலில் ரத்தம் உறையும் அபாயமும், வேலை போகும் அபாயமும்தான் மிச்சம்.

வீட்டில் முன்கூட்டியே பரிசோதிப்பதையும் தவிர்க்கலாம். ட்ரிக்கர் ஊசியிலேயே எச்சிஜி இருந்தால், அதன் மிச்சம் பத்து நாளுக்கு மேல்கூட உடம்பில் தங்கிப் பொய்யான இரண்டாவது கோட்டைக் காட்டும். மையம் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவானால் 48 மணி நேரம் கழித்து மறுபடி. எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்பதுதான் முக்கியம்.

தங்கவில்லை என்றால் கையில் வாங்க வேண்டிய காகிதம்

அடுத்த சுழற்சிக்குத் தேதி குறிக்கும் முன், நடந்து முடிந்த சுழற்சியின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஊசி, எத்தனை யூனிட், எத்தனை நாள். எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவாயின, ஐந்தாம் நாளில் எத்தனை, எந்தத் தரம். உட்சவ்வு எத்தனை மி.மீ.; எத்தனை கரு உறைந்த நிலையில் மீதம் இருக்கிறது. முட்டை குறைவு என்றால் ஊசியின் அளவையும் முறையையும் பார்க்க வேண்டும். எடுத்ததில் பாதிக்கு மேல் முதிராதவை என்றால் ட்ரிக்கரின் நேரத்தைப் பார்க்க வேண்டும். முதிர்ந்தும் கருவாகவில்லை என்றால் விந்தணுவை, அல்லது ஐவிஎஃப்-க்குப் பதில் இக்ஸியை. மூன்றாம் நாள்வரை நன்றாக வளர்ந்து ஐந்தாம் நாளுக்குள் நின்றுபோனால் குரோமோசோமை, விந்தணுவின் மரபணுச் சேதத்தை, அந்த ஆய்வகத்தை. நல்ல தரமான கருவை இரண்டு மூன்று முறை வைத்தும் தங்கவில்லை என்றால் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க முடியும். அது இல்லாமல் போனால் அங்கே எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும், அந்த மாதங்களுக்குள் முட்டைக்கும் வயது கூடிவிடும்.